ஒன்பது ஸ்கிரீன் இருக்கு, பாக்கறதுக்குத்தான் படம் இல்ல

சீட்டு நல்லாருக்கு, சவுண்டு நல்லாருக்கு, ஏசி ஒழுங்கா வேலை செய்யுது, பாத்ரூம் கூட சுத்தம். இதெல்லாம் மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ திட்டப் போறது எதுவும் இதப் பத்தி இல்ல. தியேட்டரக் கட்டினவங்க மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது, அதுக்குள்ள எந்தப் படத்த எத்தன மணிக்குப் போடணும்னு முடிவு பண்றவங்க மேலதான் கடுப்பு. வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற மல்டிபிளெக்ஸ், பெரிய செயின், பேரு வேணாம். உங்க வீட்டுப் பக்கத்துல இருக்கறதும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், படிச்சுட்டு சொல்லுங்க.

ஆப்புல இருந்தே ஆரம்பிக்கலாம். இந்த வாரம் என்ன ஓடுதுன்னு தட்டினா வரிசையா பதினாலு போஸ்டர் வருது, அடேங்கப்பா பதினாலு படமான்னு ஒரு செகண்ட் சந்தோஷப்பட்டுட்டு உத்துப் பாத்தா அதுல ஆறு போஸ்டர் ஒரே படம். 2டில ஒண்ணு, 3டில ஒண்ணு, பெரிய ஸ்கிரீன்ல ஒண்ணு, சாஞ்சு படுத்துக்கற சீட்டுல ஒண்ணு, டப்பிங்ல ஒண்ணு, ஒரிஜினல் மொழில ஒண்ணு. ஹீரோ மூஞ்சி அதேதான், மூலைல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் மட்டும் மாறுது. மிச்சத்துல மூணு 'விரைவில்', அதாவது இன்னும் வரவே இல்ல. இன்னொண்ணு படமே கிடையாது, ஏதோ மேட்ச் லைவ். எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா அந்த பூதத்தத் தவிர நாலே படம், அதுல ரெண்டு போன மாசமே பாத்து முடிச்ச பெரிய படம், ஒண்ணு குழந்தைங்க அனிமேஷன், கடைசி ஒண்ணுதான் நான் பாக்கணும்னு நெனச்ச சின்னப் படம். அதுக்கு ஒரே ஒரு ஷோ, காலைல 10:20க்கு.

அன்னிக்கு உக்காந்து எண்ணிப் பாத்தேன், வேற வேலை இல்லாம இல்ல, கோவம். ஒன்பது ஸ்கிரீன், ஒவ்வொண்ணுலயும் அஞ்சு ஷோ, மொத்தம் 45 ஷோ ஒரு நாளைக்கு. அதுல 29 அந்தப் பெரிய படம். பழைய ரெண்டு படத்துக்கும் சேத்து 9, அனிமேஷனுக்கு 6, சின்னப் படத்துக்கு 1. அதாவது நூத்துக்கு ரெண்டே ரெண்டு. சாயங்காலம் 6 மணில இருந்து 8 மணி வரைக்கும் எந்த ஸ்கிரீனுக்குள்ள போனாலும் மூணே படம்தான், அதுலயும் பாதிக்கு மேல ஒரே படம், பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஒண்ணு ஆரம்பிக்குது. லிஃப்ட்டுல ஏறி எந்த கதவத் திறந்தாலும் அதே டைட்டில் மியூசிக். எரியற கொள்ளில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு தேடிக்கிட்டே வெளில வந்துடலாம்.

சரி, பெரிய படத்துக்கு கூட்டம் வருது, அதனால ஷோ போடறாங்க, வியாபாரம்தானேன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், அப்புறம் ராத்திரி 10:50 ஷோவோட சீட் மேப்பத் திறந்து பாருங்க. பச்சை பச்சையா முழு ஹாலும் காலி, கடைசி வரிசை மூலைல ரெண்டே ரெண்டு சீட்டு மட்டும் சாம்பல் கலர்ல. (அந்த ரெண்டு பேரும் படம் பாக்கத்தான் வந்தாங்களான்னு நமக்குத் தெரியாது, அது அவங்க பாடு.) பக்கத்து ஸ்கிரீன்ல 10:35க்கு அதே படம், அங்க ஒரு ஏழு பேரு. அதுக்கும் பக்கத்துல 11:05. மூணையும் ஒண்ணா சேத்து ஒரே ஹால்ல உக்கார வெச்சாலும் ரெண்டு வரிசை நெறையாது. அதே நேரத்துல அந்த சின்னப் படத்தோட ஞாயித்துக்கிழமை 10:20 ஷோ, இருக்கறதுலயே குட்டி ஸ்கிரீன், கழுத்து ஒடியற முன்வரிசை தவிர எல்லாம் போயிடுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை படத்தையே காணோம்.

இதுதான் எனக்குப் புரியல. கூட்டம் வராத படத்த தூக்கினா ஒரு நியாயம் இருக்கு, ஓடின ஷோவ தூக்கிட்டு ஓடாத ஷோவ வெச்சுக்கறது என்ன கணக்கு?

டூட்டி மேனேஜர்கிட்ட கேட்டேன். நல்ல மனுஷன், பாவம், தெனமும் யாராவது கேப்பாங்க போல. "சார், ஷெட்யூல் எல்லாம் ஹெட் ஆபீஸ்ல இருந்து வரும் சார், நாங்க ப்ளே பண்றது மட்டும்தான். எனக்கே அந்தப் படம் பாக்கணும்னு இருந்துச்சு சார், டூட்டி டைம்ல வந்துடுச்சு"ன்னார். தியேட்டர் மேனேஜருக்கே பாக்க முடியாத நேரத்துல ஒரு படத்தப் போட்டா நம்ம கதி என்ன. ஃபீட்பேக் ஃபார்ம் ஒண்ணு குடுத்தாங்க, அதுல சீட்டு எப்படி இருந்துச்சு, சவுண்டு எப்படி, ஊழியர்கள் பணிவா இருந்தாங்களா, கேன்டீன் க்யூ நீளமா, பார்க்கிங் ஓகேவா, எல்லாத்துக்கும் அஞ்சு ஸ்டார் வரைக்கும் போடலாம். என்ன படம் போடறோம்ங்கறதுக்கு ஒரு கட்டம் கூட இல்ல. ஓரத்துல எழுதிக் குடுத்துட்டு வந்தேன், யாரு படிக்கப் போறா.

இவங்க எப்பவும் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு, "அந்த மாதிரி படத்துக்கு ஆடியன்ஸ் இல்ல." ராத்திரி ரெண்டு மணிக்கு மட்டும் ஒரு பஸ் விட்டுட்டு இந்த ரூட்ல பயணிகளே இல்லன்னு ரிப்போர்ட் எழுதற மாதிரி இருக்கு இது. செவ்வாக்கிழமை காலைல 10:20க்கு எத்தன பேரு வந்தாங்கன்னு பாத்துட்டு அந்தப் படத்துக்கு எத்தன பேரு வருவாங்கன்னு முடிவு கட்டறாங்க. வேலைக்குப் போறவங்க, காலேஜ் போறவங்க, வீட்டுல குழந்தைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு அடுத்த வேலைக்கு ஓடறவங்க, இவங்க யாருமே அந்தக் கணக்குல வர மாட்டாங்க. வந்த பத்து பேர்ல பாதி ரிட்டயர் ஆனவங்க, மீதி லீவு போட்டுட்டு வந்தவங்க. சும்மா ஒப்புக்குச் சப்பாணியா ஒரு ஷோ, நாளைக்கு யாராவது கேட்டா "போட்டோமே, ஓடல"ன்னு சொல்லிக்கறதுக்கு.

இதுல டெக்னாலஜிய காரணம் காட்டவும் வழி இல்ல. பிலிம் பொட்டி காலத்துல ஒரு நியாயம் இருந்துச்சு, ஒரு ரீல் 20 நிமிஷம், ஒரு படத்துக்கு ஏழெட்டு ரீலு, பிரின்ட்டு போடறதே பெரிய செலவு, அதனால எத்தன பிரின்ட்டோ அத்தன ஊர்லதான் ஓடும், மத்தவங்க வரிசைல நிக்கணும். மத்தியானம் ஒரு படம் சாயங்காலம் ஒரு படம்னு மாத்தறதுன்னா ஆபரேட்டருக்கு முதுகு போயிடும். ஹாலிவுட் ஸ்டூடியோங்க எல்லாம் சேந்து 2005ல டிஜிட்டல் சினிமாவுக்கு ஒரு பொது ஸ்டாண்டர்டு போட்டாங்க, அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துல உலகம் முழுக்க புரொஜெக்டர் மாறிடுச்சு. இப்ப படம்ங்கறது ஒரு ஹார்ட் டிஸ்க்குல இல்லன்னா சாட்டிலைட்லயோ நெட்லயோ வர்ற ஃபைலு, டிசிபின்னு சொல்வாங்க. அது பூட்டியிருக்கும், அதத் திறக்க கேடிஎம்னு ஒரு சாவி தனியா வரும், எந்த சர்வருல, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும்னு அதுலயே எழுதியிருக்கும். ஃபைலு சர்வர்ல ஏறி சாவியும் கைல இருந்தா ஒரே ஸ்கிரீன்ல காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு போடறதுக்கு பிளேலிஸ்ட்ட மாத்தினா போதும். டிஜிட்டல் வந்தப்ப இதத்தான் சொன்னாங்க, இனிமே சின்னப் படத்துக்கெல்லாம் வழி பொறந்துடும்னு. இலவு காத்த கிளி கதைதான்.

ஏன் பொறக்கலங்கறதுக்கும் காரணம் இருக்கு. அந்த புரொஜெக்டருக்கு காசு யாரு போடறதுங்கற சண்டைல, படம் குடுக்கறவங்க ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு தொகை கட்டணும்னு ஒரு ஏற்பாடு பண்ணாங்க, வர்ச்சுவல் பிரின்ட் ஃபீன்னு பேரு. பெரிய கம்பெனிக்கு அது லாபம், பிரின்ட் செலவே இல்லாம போச்சு. சின்னப் படக்காரருக்கு? ஒரு ஸ்கிரீன்ல வாரம் முழுக்க அஞ்சு ஷோ ஓட்டறவரு கட்டற தொகையும், ஒரு நாளைக்கு ஒரு ஷோ மட்டும் ஓட்டறவரு கட்டற தொகையும் பல எடத்துல ஒண்ணாவே இருந்துச்சு, அப்புறம் எவன் ஒரு ஷோவுக்கு வருவான். பல நாட்டுல அந்த ஏற்பாடு முடிஞ்சு போச்சு, ஆனா அதுல வந்த பழக்கம் முடியல.

இன்னொரு பக்கம் பெரிய படக்காரங்க போடற கண்டிஷன். 2017ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு டிஸ்னி அமெரிக்க தியேட்டர்கள்கிட்ட டிக்கெட் வசூல்ல 65 சதவீதம் கேட்டதாவும், இருக்கறதுலயே பெரிய ஸ்கிரீன்ல நாலு வாரம் கட்டாயம் ஓட்டணும்னு சொன்னதாவும், மீறினா இன்னும் 5 சதவீதம் கூடன்னும் அப்ப பத்திரிகைல வந்துச்சு. ஒரே ஸ்கிரீன் வெச்சிருக்கற சின்ன ஊரு தியேட்டர்காரரு நெலமைய யோசிச்சுப் பாருங்க, ஊர்ல மொத்தமே ரெண்டு வாரத்துல எல்லாரும் பாத்து முடிச்சுடுவாங்க, மீதி ரெண்டு வாரம் காலி சீட்டுக்கு படம் ஓட்டணும். சிலர் வேணாம்னே சொல்லிட்டாங்களாம். ஆக அந்த ராத்திரி 10:50 ஷோ ரெண்டு பேருக்காக ஏன் ஓடுதுன்னு கேட்டா, யாரும் பாக்கறதுக்காக ஓடல, எங்கயோ ஒரு அக்ரிமென்ட்ல இத்தன ஷோன்னு எழுதியிருக்கும், அதுக்காக ஓடுதுன்னுதான் நான் நெனைக்கறேன். எங்க தியேட்டர் அக்ரிமென்ட்ட நான் பாத்ததில்ல, ஆனா வேற எந்த காரணமும் எனக்குத் தோணல.

இது புதுப் பிரச்சனையும் இல்ல. அமெரிக்கால ஸ்டூடியோங்களே தியேட்டரையும் வெச்சுக்கிட்டு, ஒரு நல்ல படம் வேணும்னா கூட இந்த நாலு டப்பா படத்தையும் சேத்து வாங்கணும்னு கட்டிவிட்டுட்டு இருந்தாங்க, 1948ல சுப்ரீம் கோர்ட் வந்து அத ஒடச்சுது. அந்த உத்தரவும் 2020ல காலாவதி ஆக்கிட்டாங்க. கொரியால உள்நாட்டுப் படத்துக்கு வருஷத்துல 146 நாள் ஒதுக்கணும்னு சட்டமே இருந்துச்சு, 2006ல அத 73ஆ குறைச்சாங்க. ஆனா கோட்டா இருந்தாலும் நம்ம பிரச்சனை தீராதுங்கறதுக்கும் அதே ஊருதான் உதாரணம், 2017ல ஒரு பெரிய கொரியப் படம் மொத நாளே 2000 ஸ்கிரீனுக்கு மேல எறங்கி, அந்த ஊரு ஆளுங்களே எங்க பாத்தாலும் இதுதானான்னு கத்தினாங்க. நம்ம மொழிப் படமா வெளிமொழிப் படமாங்கறது இல்ல இங்க சண்டை, ஒரே படம் எல்லாத்தையும் அடைச்சுக்கறதுதான். பிரான்ஸ்ல வேற மாதிரி பண்றாங்க, ஒவ்வொரு டிக்கெட்லயும் 10.72 சதவீதம் வரியா எடுத்து ஒரு பொது நிதில போட்டு, அதுல இருந்து வித்தியாசமான படம் போடற தியேட்டருக்கு உதவி பண்றாங்க, அந்த மாதிரி முத்திரை குத்தின தியேட்டர் ஆயிரத்துக்கு மேல இருக்கு. அதாவது பூதம் ஓடி வர்ற காசுல ஒரு பங்கு குட்டிப் படத்துக்கும் போகுது. பொறாமையா இருக்கு.

சரி ஸ்கிரீன் பத்தலையோன்னு பாத்தா, அதுவும் இல்ல. டோக்கியோல இவானாமி ஹால்னு ஒரு எடம், 1968ல ஆரம்பிச்சது, ஒரே ஒரு ஸ்கிரீன். 1974ல இருந்து, வேற எவனும் போடாத வெளிநாட்டுப் படமாப் பொறுக்கி ஒண்ணு ஒண்ணா ஓட்ட ஆரம்பிச்சாங்க, மொதல்ல போட்டது சத்யஜித் ராயோட அபுர் சன்சார். வங்காளப் படம், ஜப்பான் ஜனம் உக்காந்து பாத்துச்சு. 2022 ஜூலைல மூடிட்டாங்க, கொரோனா அடிச்ச அடி. ஆனா அத்தன வருஷம் ஒரே ஸ்கிரீன வெச்சுக்கிட்டு ஓட்டியிருக்காங்கல்ல, இவங்க ஒன்பது வெச்சுக்கிட்டு என்ன பண்றாங்க? ஸ்கிரீன் எண்ணிக்கைய விளம்பரத்துல பெருசா போட்டுக்கறதுக்கும் நமக்கு கிடைக்கற படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

தியேட்டர்காரங்க பக்கமும் கொஞ்சம் பேசணும், இல்லன்னா நியாயம் இல்ல. வாடகை, கரண்ட் பில்லு, சம்பளம் எல்லாம் படம் ஓடினாலும் ஓடாட்டியும் கட்டணும், உண்மையான லாபம் டிக்கெட்ல இல்ல கேன்டீன்லதான்னு அவங்களே சொல்றாங்க, மொத வாரக் கூட்டம் இல்லன்னா கடைய சாத்த வேண்டியதுதான். ஒத்துக்கறேன். ஆனா அதே வியாபாரக் கணக்குல ஒரு விஷயம் இருக்கு. பல அக்ரிமென்ட்ல மொத வாரம் படக்காரருக்கு அதிக பங்கு, வாரம் ஏற ஏற தியேட்டர் பங்கு கூடும். அப்படின்னா வாய்மொழியா மெதுவா பிக்கப் ஆகி நாலஞ்சு வாரம் ஓடற படம்தானே தியேட்டருக்கு நல்லது? அத ரெண்டாவது வாரமே கழுத்தப் புடிச்சு வெளில தள்ளிட்டு, மொத மூணு நாள்ல மொத்தத்தையும் அள்ளிட்டு பெரும்பங்க எடுத்துக்கிட்டுப் போற படத்துக்கு 29 ஷோ குடுக்கறாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி கலெக்ஷனப் பாத்து திங்கக்கிழமை அடுத்த வாரத்த முடிவு பண்ணிடறாங்க. நல்லாருக்குன்னு ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சொல்றதுக்குள்ள படம் போயிடுது.

"ஓடிடில வந்துரும் பாத்துக்க"ன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு என் பக்கம் வராதீங்க. மொதல்ல எல்லாப் படமும் வர்றதில்ல. வந்தாலும் எங்க வந்துச்சுன்னு தேடவே அரை நாள் ஆகும். அதுவும் இப்பல்லாம் ஓடிடிக்காரங்களே தியேட்டர்ல எப்படிப் போச்சுன்னு பாத்துட்டுதான் விலை பேசறாங்க, காலைல 10:20 ஷோல போன படத்துக்கு அங்கயும் மரியாதை கிடைக்காது. வீட்டுல போன் அடிக்கும், காலிங் பெல் அடிக்கும், நடுவுல நிறுத்தி நிறுத்தி மூணு நாள்ல ஒரு படம் பாத்தா அது படம் பாத்த கணக்கா? இருட்டுல உக்காந்து முன்னப்பின்ன தெரியாத நூறு பேரோட சேந்து ஒரே எடத்துல மூச்சப் புடிக்கறதுக்குத்தானே தியேட்டருக்கே போறது.

வேற மொழிப் படத்துக்கு இன்னொரு கூத்து, சப்டைட்டில் இருக்கா இல்லையான்னு ஆப்புல போட மாட்டாங்க. கவுன்ட்டர்ல கேட்டா "இருக்கும்னு நெனைக்கறேன்"ம்பாங்க. லைட்ட அணைச்சு பத்து நிமிஷம் கழிச்சுதான் நமக்கே தெரியும். டிசிபில சப்டைட்டில் இருக்கற வெர்ஷன், இல்லாத வெர்ஷன்னு தனித்தனியா பேரு போட்டுதான் வருது, அவங்க சிஸ்டத்துல அது எழுதியே இருக்கும், அத அப்படியே ஆப்புல காட்டறதுக்கு என்ன கேடு?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. வாரத்துக்கு 315 ஷோ ஓட்டறாங்க, அதுல ஒண்ணே ஒண்ணு. ஏதாவது ஒரு நாள், சாயங்காலம் 7 மணி, அந்த குட்டி ஸ்கிரீன் போதும். ஒவ்வொரு வாரமும் அதே நாள் அதே நேரம், என்ன படம்னு ஒரு மாசம் முன்னாடியே போடணும், கூட்டம் வரலன்னாலும் ஆறு மாசத்துக்குத் தூக்க மாட்டோம்னு ஒரு வார்த்தை. ஆளுங்களுக்கு அந்த நாள் மனசுல பதியவே ரெண்டு மாசம் ஆகும், மொத வாரம் பன்னெண்டு பேரு வந்தாங்கன்னு மூடிட்டா ஒண்ணும் நடக்காது. சில ஊர்ல இத்தன பேரு முன்கூட்டியே புக் பண்ணா அந்த ஷோவ கன்ஃபர்ம் பண்றோம்னு ஒரு முறை வெச்சிருக்காங்க, ஆள் சேரலன்னா காசு திரும்பி வந்துடும், தியேட்டருக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அதையாவது பண்ணலாம். ராத்திரி 10:50 ஷோல ஒண்ண தூக்கிட்டு செய்ங்க, அந்த ரெண்டு பேரையும் 11:05க்கு மாத்தி விட்டா கோச்சுக்க மாட்டாங்க.

மார்க்கு: ஹாலுக்கு அஞ்சுக்கு நாலரை. ஆப்புக்கு ரெண்டு, ஒரே படத்த ஆறு படமா காட்டறதுக்காகவே ஒண்ணு கொறைச்சேன். படத் தேர்வுக்கு ஒண்ணு, அதுவும் அந்த 10:20 ஷோவப் போட்டதுக்காக.

போறவங்களுக்கு ஒரு விஷயம். சின்னப் படம் ஏதாவது பாக்கணும்னு இருந்தா அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க, மொத வாரமே போயிடுங்க. புதன்கிழமை ராத்திரி வாக்குல இங்க அடுத்த வார லிஸ்ட் ஏறுது, படம் அதுல இல்லன்னா வியாழக்கிழமைதான் கடைசி நாள். டிக்கெட்ட ஆப்புல முன்னாடியே போடுங்க, ஷோவுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி கவுன்ட்டர்ல எடுத்துக்கலாம்னு இருந்துடாதீங்க, ஒருத்தர் கூட புக் பண்ணாத ஷோவ இவங்க சத்தமில்லாம கேன்சல் பண்ணிடுவாங்க. உள்ள போனதும் பின்னாடில இருந்து மூணாவது வரிசை, நடு சீட்டு, அந்த குட்டி ஸ்கிரீன்ல சவுண்டு அங்கதான் சரியா வரும்.